தொடு சிகிச்சையும் அதிர்வெண்ணும்

மூக்கண்டப்பள்ளியில் நான் குடியிருக்கும் தெருவில் ஞாயிறு காலைச் செய்தித்தாளை விரித்தால், உள்ளிருந்து இரண்டு மூன்று துண்டறிக்கைகள் உதிரும். ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஊர் அல்லவா? வீட்டுமனை, தவணை முறையில் ஸ்கூட்டர், பள்ளிச் சேர்க்கை என்று ஏதாவது ஒன்றை விற்பவை அவை. சென்ற ஆண்டின் தொடக்கத்தில் வந்த ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. வழவழப்பான தாள். மேலே தாமரைப் பூ. அதன் கீழே ஒருவருடைய தலையை ஏந்தியிருக்கும் இரண்டு கைகள். வாசகம் ஏறத்தாழ இதுதான்: “மென்மையான தொடுதலால் உங்கள் நரம்பு மண்டலத்தைச் சீரமைக்கிறோம். மன அழுத்தம், தூக்கமின்மை, ஒற்றைத் தலைவலி, கை மரத்துப்போதல் நீங்கும். மருந்து இல்லை, ஊசி இல்லை, வலி இல்லை. உங்கள் உடல் இழந்துவிட்ட அதிர்வெண்ணை மீட்டுத் தருகிறோம். இது குவாண்டம் விஞ்ஞானம்.”

கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் நான். அதிர்வெண் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதாத வாரம் எனக்குக் கிடையாது. எனவே அந்தத் தாளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுவது போல, இந்தத் துண்டறிக்கைக்கு ஒரு விமர்சனம் எழுதலாம் என்று தோன்றியது. ஏனெனில் இதைப் போன்ற வாசகங்களை நீங்களும் படித்திருப்பீர்கள். அவற்றில் மெய்யான செய்திகள் சில உண்டு. பொய்யானவையும் உண்டு. மெய், பொய் என்று சொல்லவே இடமில்லாமல் வெறும் ஓசையாக நிற்பவையும் உண்டு. மூன்றையும் ஒரே எழுத்தில், ஒரே மையில் அச்சடித்து விடுகிறார்கள். பிரித்து எடுப்பது நம் வேலையாகிவிடுகிறது.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. என் மனைவியின் அண்ணன் இங்கே ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். வார்ப்படத் துண்டுகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கைக் கிரைண்டரால் தேய்த்து எடுக்கும் வேலை. பதினெட்டு ஆண்டுகளாக அதே வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் நைட். தூக்கம் என்பது அவரிடம் பிடிபடாத பொருள். துண்டறிக்கையை என் மேசையில் பார்த்துவிட்டு, முகவரியைக் குறித்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய்.

“அங்க பேச்சே கிடையாது மாப்ளே. படுக்க வெச்சு, தலையில கொஞ்ச நேரம், கழுத்துல கொஞ்ச நேரம், கையில கொஞ்ச நேரம்னு சும்மா கையை வெச்சுக்கிட்டு இருக்காங்க. லேசா நீவி விடறாங்க. அவ்வளவுதான். ஆனா வீட்டுக்கு வந்து எட்டு மணி நேரம் தூங்கினேன்.”

“சும்மா கை வைக்க ஆயிரத்தைந்நூறா மச்சான்?” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தோலுக்குள் இருக்கும் மெய்

முதலில் துண்டறிக்கையின் மெய்யான பகுதியை எடுத்துக்கொள்வோம். மென்மையாகத் தொட்டால் மனம் அமைதி அடைகிறது என்பது கற்பனை அன்று. காய்ச்சலில் கிடந்தபோது அம்மா நெற்றியை வருடியதை நினைத்துப் பாருங்கள். நம் மொழியில் இதற்கு எத்தனை சொற்கள்! நீவுதல், வருடுதல், தடவுதல், பிடித்து விடுதல், அமுக்கி விடுதல். சித்த மருத்துவத்தில் இது ‘தொக்கணம்’ என்ற பெயரில் ஒரு தனிப் புறமருத்துவமாகவே உள்ளது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என்றெல்லாம் அதை ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு சிறு சோதனை. உங்கள் முன்கையை மேசைமேல் நீட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இன்னொருவரை விரலால் வருடச் சொல்லுங்கள். தூரம் ஏறத்தாழ 25 செ.மீ. இருக்கும். முதல் முறை ஒரே விநாடியில். இரண்டாம் முறை ஏழெட்டு விநாடிகளில். மூன்றாம் முறை ஒரு முழு நிமிடத்தில். எது இதமாக இருந்தது? பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். முதலாவது தூசு தட்டுவது போலவும், மூன்றாவது எறும்பு ஊர்வது போலவும் இருக்கும்.

இதற்குக் காரணம் நம் தோலில் இருக்கிறது. தொடு உணர்வைக் கொண்டு செல்லும் நரம்பிழைகள் ஒரே வகையல்ல. தடித்த, உறையிட்ட இழைகள் விநாடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் செய்தியை அனுப்புகின்றன. சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று விரலால் துழாவும்போது வேலை செய்பவை இவை. இவற்றோடு, உறையில்லாத மெல்லிய இழைகளும் உண்டு. இவற்றின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர்தான். மனிதன் நடக்கும் வேகம்! கணுக்காலில் வருடினால், தடித்த இழையின் செய்தி ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் மூளையை எட்டிவிடும். மெல்லிய இழையின் செய்தி வந்து சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அவசரச் செய்திக்கு இது உதவாது. பிறகு எதற்கு?

பூனையின் தோலில் இத்தகைய இழைகளை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி சாட்டர்மன் 1939-ல் கண்டார். மனிதரிடமும் இவை இருப்பது 1990-களில் உறுதியாயிற்று. 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்த இழைகள் விநாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் வருடும்போதுதான் மிகுதியாகத் துடிக்கின்றன என்றும், அதே வேகத்தையே மக்களும் இதமானது என்று சொல்கிறார்கள் என்றும் காட்டியது. மேலே நீங்கள் செய்த இரண்டாம் வருடல் விநாடிக்கு மூன்று செ.மீ. சொச்சம். கணக்குச் சரியாக வருகிறதா? வருடும் பொருளின் வெப்பநிலையும் முக்கியம். ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ், அதாவது மனிதத் தோலின் வெப்பநிலை, இவ்விழைகளுக்கு உகந்தது. ஒரு மனிதனின் கையை எதிர்பார்த்துச் செய்து வைத்தது போன்ற கருவி!

இன்னொரு சான்று உள்ளத்தைத் தொடுவது. நோயினால் தடித்த இழைகளை இழந்துவிட்ட ஒரு பெண்ணிடம் 2002-ல் சோதித்தார்கள். கழுத்துக்குக் கீழே எதைத் தொட்டாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் மென்தூரிகையால் முன்கையை வருடியபோது, எங்கே என்று துல்லியமாகச் சொல்ல முடியாத, மங்கலான ஓர் இதத்தை அவர் உணர்ந்தார். மெல்லிய இழைகள் மட்டும் எஞ்சியிருந்தன.

குழந்தைகள் விஷயத்தில் சான்று இன்னும் வலிமையானது. எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி வைத்துக்கொள்ளும் ‘கங்காரு முறை’ 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டா நகரில் தொடங்கியது. இன்குபேட்டர் போதவில்லை என்பதுதான் காரணம். பல ஆண்டுகள் கழித்து, உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளியாயிற்று. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஓர் இடம். பிறந்த உடனேயே கங்காரு முறையைத் தொடங்கிய பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தவை 12 விழுக்காடு. நிலைமை சீரான பின் தொடங்கிய பிரிவில் 15.7 விழுக்காடு. வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தி, எல்லாக் குழந்தைகளுக்கும் அம்முறையைக் கொடுக்கச் சொன்னார்கள். இதில் தாயின் சூடு, தாய்ப்பால், தாய் அருகிலேயே இருந்து கவனிப்பது எல்லாம் சேர்ந்திருக்கின்றன. தொடுகை மட்டுமே என்று நான் வாதிட மாட்டேன்.

பெரியவர்களுக்கு? 2024-ல் 137 ஆய்வுகளை, ஏறத்தாழ 13,000 பேரின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடுகையால் வலி, சோர்வு மனநிலை, பதற்றம் ஆகியவை குறைவதாகவே முடிவு வந்தது. அதில் எனக்குப் பிடித்த பகுதிகள் இரண்டு. ஒன்று, ஒரு தடவை எவ்வளவு நேரம் என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். மற்றொன்று, பெரியவர்களைத் தொடுபவர் பழகியவராக இருந்தாலும் பயிற்சி பெற்ற அந்நியராக இருந்தாலும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை; பச்சிளங் குழந்தைகளுக்கோ பெற்றோரின் கையே மேல்.

ஆக, என் மைத்துனர் எட்டு மணி நேரம் தூங்கியதில் வியப்பு ஏதும் இல்லை. நான் சிரித்ததுதான் தவறு.

எதன் அதிர்வெண்?

இனி அந்த மீதிப் பகுதி. “உங்கள் உடல் இழந்துவிட்ட அதிர்வெண்.” என் மாணவன் ஒருவன் விடைத்தாளில் இப்படி எழுதினால், ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி எழுதுவேன்: எதன் அதிர்வெண்? எத்தனை ஹெர்ட்ஸ்?

உடலில் அதிர்வெண்கள் இல்லாமல் இல்லை. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் அது 1.2 ஹெர்ட்ஸ். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது மூளையின் மின்னலை 8 முதல் 13 ஹெர்ட்ஸ். உட்கார்ந்திருக்கும் மனித உடலின் இயந்திர ஒத்ததிர்வு ஐந்து ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. குண்டும் குழியுமான சாலையில் பேருந்தின் கடைசி இருக்கையில் குடல் குலுங்குவது இதனால்தான். இவை ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், மாற வேண்டும். மாடிப்படி ஏறும்போது இதயம் தன் ‘இயல்பான’ அதிர்வெண்ணிலேயே நின்றுவிட்டால் நாம் விழுந்துவிடுவோம். எனவே இழந்துவிட்ட ஒற்றை எண் என்று ஒன்று இல்லை. இல்லாததை மீட்டுத் தருவதாகச் சொன்னால், மீண்டதா இல்லையா என்று எவரும் சோதிக்க முடியாது. வெறும் ஓசை என்று முன்பு சொன்னேனே, அது இதுதான்.

குவாண்டம் என்ற சொல்லுக்கும் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். 10 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கி, ஒரு குவாண்டத்தின் ஆற்றலைக் கண்டு பாருங்கள். உடல் வெப்பநிலையில் ஒரு மூலக்கூறின் சாதாரண வெப்பச் சலன ஆற்றலில், அது ஏறத்தாழ 65,000 கோடியில் ஒரு பங்கு! திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் காதில் மூச்சுக்காற்றால் இரகசியம் சொல்வதைக்கூட இதற்கு உவமையாகச் சொல்ல முடியாது.

உடலைச் சுற்றி ஆற்றல் புலம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இதயத்தின் மின்னோட்டத்தால் மார்புக்கு வெளியே ஒரு காந்தப்புலம் உண்டு. அது பூமியின் காந்தப்புலத்தில் சில இலட்சங்களில் ஒரு பங்கு. நம் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், இதை அளக்கிறார்கள். அதற்குத் திரவ ஹீலியத்தின் குளிரில் இயங்கும் ஸ்குவிட் என்ற உணர்கருவியும், வெளிக் காந்தப்புலங்களை மறைக்கும் தனி அறையும் வேண்டியிருக்கின்றன. உள்ளங்கையால் அதை உணர்கிறேன் என்று ஒருவர் சொன்னால் உடனே மறுக்க வேண்டாம். சோதித்துப் பார்க்கலாம். ஒரு சிறுமி சோதித்துப் பார்த்தாள்.

அடையாற்றிலிருந்து நியூயார்க்குக்கு

அந்தக் கதைக்கு முன்னால் நம் சென்னைக்கு ஒரு நடை போய் வர வேண்டும். பிரம்மஞான சபை 1882 முதல் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்டது. மனித உடலைச் சுற்றி வண்ண வண்ணமான நுண்ணுடல்கள் உண்டென்றும், அவற்றைத் தம்மால் காண முடியுமென்றும் சொன்ன லெட்பீட்டர் அங்கே வாழ்ந்தவர். பின்னர் அவர் ஆஸ்திரேலியா சென்றார். அங்கே அவரிடம் பயின்றவர்களில் டோரா என்ற இளம்பெண் ஒருவர். இந்த டோரா குன்ஸ் பிற்காலத்தில் அமெரிக்கப் பிரம்மஞான சபையின் தலைவரானார். 1970-களின் தொடக்கத்தில், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் செவிலியர் கல்விப் பேராசிரியையாக இருந்த டோலரஸ் கிரீகருடன் சேர்ந்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். நோயாளியின் உடலுக்கு மேலே சில அங்குல உயரத்தில் கைகளை நகர்த்தி, ஆற்றல் புலத்தின் கோளாறுகளை உணர்ந்து சரிசெய்வது அம்முறை. பெயர் ‘தெரபியூட்டிக் டச்’. ஆனால் அதில் தொடுவதே கிடையாது! விளக்கம் கேட்டபோது கிரீகர் எடுத்துக் காட்டியது நம் ‘பிராணன்’ என்ற சொல்லைத்தான். நம் கரையிலிருந்து கப்பலேறிய சரக்கு, அங்கே மருத்துவமனைச் சீருடை அணிந்து, ‘வெளிநாட்டு விஞ்ஞானம்’ என்ற முத்திரையுடன் இன்று நம் செய்தித்தாளுக்குள் திரும்பி வந்து விழுகிறது.

இப்போது அந்தச் சிறுமி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த எமிலி ரோசா. ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அவள் செய்த சோதனை இது. நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. அதன் அடியில் இரண்டு துளைகள். சிகிச்சையாளர் இரு கைகளையும் துளைகள் வழியே நீட்டி, உள்ளங்கை மேலே தெரியும்படி வைக்க வேண்டும். எமிலி நாணயத்தைச் சுண்டிப் போட்டு, அது காட்டிய கைக்கு மேலே எட்டுப் பத்து செ.மீ. உயரத்தில் தன் கையை நீட்டுவாள். எந்தக் கைக்கு மேலே என் கை இருக்கிறது? இதுதான் கேள்வி. நோயைக் கண்டறியச் சொல்லவில்லை; குணப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு கை அருகில் இருக்கிறதா என்று மட்டும் சொல்ல வேண்டும்.

21 சிகிச்சையாளர்கள், 280 தடவைகள். சரியான விடை 123. அதாவது 44 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதிக்குப் பாதி வந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை 1998 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானபோது அவளுக்கு வயது பதினொன்று.

என் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கூட்டுக் குறிப்பும் தருவேன். நீங்களும் அட்டை வெட்டிச் செய்து பாருங்கள். ஆனால் கையின் சூடு உள்ளங்கைக்குத் தெரியக்கூடும். எனவே உயரம் குறையக்கூடாது. மின்விசிறி ஓடட்டும். பத்துத் தடவை செய்து எட்டு சரியாக வந்துவிட்டால் துள்ளிக் குதிக்க வேண்டாம். பத்தில் எட்டோ அதற்கு மேலோ குருட்டாம் போக்கில் வர 1,024-ல் 56 பங்கு வாய்ப்பு உண்டு. வகுப்பில் இருபது பேர் செய்தால் அவர்களில் ஒருவருக்கு அந்த ‘சக்தி’ எப்படியும் வந்து சேரும்!

மண்டை ஓடு அசையுமா?

எங்கள் துண்டறிக்கைக்காரர்கள் தொடவே செய்கிறார்கள். எனவே எமிலியின் சோதனை அவர்களை நேராகக் கட்டுப்படுத்தாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். தலையை ஏந்தியிருக்கும் அந்தக் கைகளின் படம் வேறொரு மரபைச் சேர்ந்தது. சதர்லண்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், மண்டை ஓட்டின் எலும்புகள் சேரும் ஓரங்கள் மீனின் செவுளைப் போலச் சரிவாக இருப்பதைக் கண்டு, இவை மூச்சு விடுவது போல் அசைவதற்காகவே அமைந்தவை என்று முடிவு கட்டினார். 1939-ல் நூலும் எழுதினார். 1970-களில் அப்லெட்ஜர் என்பவர் இதை விரித்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள திரவத்தில் நிமிடத்துக்கு 6 முதல் 12 முறை ஒரு தாளம் ஓடுகிறது, பயின்ற கையால் அதை உணரலாம், ஐந்து கிராம் அழுத்தத்தால் சீர்செய்யலாம் என்றார். ஐந்து கிராம் என்பது ஓர் இரண்டு ரூபாய் நாணயத்தின் எடை.

அந்தத் திரவம் உண்மை. ஏறத்தாழ 150 மி.லி. உள்ளது. இதயத் துடிப்பாலும் மூச்சாலும் அது ஊசலாடுவதை எம்.ஆர்.ஐ. படங்களில் காணலாம். தனித் தாளம்தான் கேள்விக்குரியது. ஒரே நோயாளியின் தாளத்தை இரண்டு பேர் எண்ணினால் ஒரே எண் வர வேண்டாமா? 1994-ல் மூன்று இயன்முறை மருத்துவர்கள் பன்னிரண்டு பேரைச் சோதித்தார்கள். மூவரின் எண்களுக்கும் இடையே உடன்பாடு பூஜ்யம். என் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாணவர்கள் ஒரே ஊசலை எண்ணி இப்படி மூன்று விடைகளைத் தந்தால், நான் ஊசல் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன்.

எலும்பு அசைவு? 2006-ல் வெளியான ஆய்வில் மயக்க நிலையில் இருந்த முயல்களின் மண்டை ஓட்டில் 5 முதல் 20 கிராம் வரை இழுவிசை கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பும் நகரவில்லை, உள்ளழுத்தமும் மாறவில்லை. முயலுக்கே இப்படி என்றால், இணைப்புகள் இறுகிப்போன நடுவயது மனிதனின் மண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இச்சிகிச்சையால் கழுத்துவலி குறைந்ததாக 2016-ல் ஒரு ஜெர்மானிய ஆய்வு கூறியது. 54 நோயாளிகளை வைத்து, வெறும் கை வைத்தலோடு ஒப்பிட்டுத்தான் செய்தார்கள். ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுதான். ஆனால் 2024-ல் இத்தகைய 15 ஆய்வுகளைத் தொகுத்தபோது குறிப்பிடத்தக்க பலன் புலப்படவில்லை.

இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலர், “எப்படியோ நிம்மதி கிடைக்கிறதே, விளக்கம் எதுவானால் என்ன?” என்று கேட்பதுண்டு. தாவரவியல் துறையில் இருக்கும் ஒருவர் இதைக் கேட்டபோது எனக்கும் உடனே பதில் தோன்றவில்லை. சர்க்கரை கலந்த நீரைக் கங்கை நீர் என்று விற்றால் தாகம் தீராமல் போய்விடுமா என்பது அவர் வாதம். மைத்துனரின் கைதான் எனக்குப் பதில் தந்தது.

வலது கை

ஆறு மாதம் கழித்து ஒருநாள் அவர் எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் கையிலிருந்து நழுவியது. “கொஞ்ச நாளாவே இப்படித்தான்” என்றாள் அவர் மனைவி. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போவதும், நடு இரவில் எழுந்து கையை உதறுவதும் ஓராண்டுக்கு மேலாக இருந்திருக்கிறது. தொடு சிகிச்சைக்குப் போக ஆரம்பித்தபின் தூக்கம் நன்றாக வந்ததால் இரவு உதறல் குறைந்தது. ‘அதிர்வெண் சீராகிறது, மரத்துப்போதல் கடைசியாகத்தான் போகும், இன்னும் பத்து அமர்வுகள் வேண்டும்’ என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவரும் நம்பியிருக்கிறார்.

“என்கிட்ட ஏன் மச்சான் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா சிரிப்பீங்க மாப்ளே.”

வாசகர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின் அந்தத் துண்டறிக்கையை மட்டும் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

நரம்பு மருத்துவர் மணிக்கட்டில் சிறு மின்துடிப்பு கொடுத்து, செய்தி எவ்வளவு நேரத்தில் கட்டைவிரல் தசையை அடைகிறது என்று அளந்தார். நரம்பு மண்டலத்துக்கு ‘அளவு’ என்று ஒன்று இருக்குமானால், அது இதுதான்: மில்லிவிநாடி, விநாடிக்கு மீட்டர். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு பட்டைத் தசைநாருக்கும் இடையே குகை போன்ற குறுகிய வழி உண்டு. அதன் ஊடே வரும் நடுநரம்பு நசுங்கியிருந்தது. கட்டைவிரலின் அடிமேடு மற்றக் கையைவிட வற்றியிருப்பதை டாக்டர் காட்டியபோதுதான் நானே கவனித்தேன். இன்னும் முன்பே வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றார்.

பிறகு என்ன வேலை என்று கேட்டார். கிரைண்டர் என்றதும் தலையை ஆட்டினார்.

அதிர்வு! துண்டறிக்கை சொன்ன அந்தச் சொல் கடைசியில் உண்மையான பொருளோடு வந்து நின்றது. கையில் பிடிக்கும் சாணைப்பொறியின் அதிர்வு, விரல்களின் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் ஆண்டுக்கணக்கில் சிதைக்கும். விரல் வெளுத்துப்போதலும், மணிக்கட்டு நரம்பு நசுங்குதலும் இதன் அறிந்த விளைவுகள். இதை அளக்க முடியும், முடுக்கமாக அளக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் 2002-ல் வந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக விநாடிக்கு விநாடி 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 5 மீட்டருக்கு மேல் கூடவே கூடாது. சக்கரத்தைச் சமன் செய்வது, தேய்ந்ததை உடனே மாற்றுவது, ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துவது, இடைவேளை விடுவது ஆகியவை வழிகள். பதினெட்டு ஆண்டுகளில் யாரும் தன் பொறியில் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்ததாக மைத்துனருக்கு நினைவில்லை.

தாவரவியல் நண்பருக்கு இதைத்தான் சொன்னேன். இதம் மெய்யாகவே கிடைத்தது. அதனால்தான் பொய்யான விளக்கத்தை அவர் நம்பினார். ‘தொட்டால் தூக்கம் வரும், மரத்துப்போனால் டாக்டரைப் பாருங்கள்’ என்று மட்டும் அச்சடித்திருந்தால், அதே கைகள், அதே அறை, அதே ஆயிரத்தைந்நூறு ரூபாய், ஆனால் ஆறு மாதம் வீணாகியிருக்காது. பக்கவாதம், வலிப்பு, மூளை நோய்கள் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக மந்திர மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே நம் நாட்டில் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். அட்டவணையில் 54 நோய்கள் உள்ளன. துண்டறிக்கை எழுதுபவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் ‘சீரமைக்கிறோம்’ என்ற வழுக்குச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்களோ என்று எனக்கு ஓர் ஐயம்.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்கி வேலை செய்யும் இளைஞர்கள் ஏராளம். ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் உண்டு, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. மாதக்கணக்கில் அவர்களை அன்போடு தொட ஒரு கை இல்லை. ஷிப்ட் பேருந்தில் நெருக்கியடித்து நிற்கும்போது படும் தோள்கள்தான் கணக்கு. அவர்களில் யாராவது ஒரு மணி நேரத் தொடுகைக்குக் காசு கொடுத்தால் நான் இனிச் சிரிக்க மாட்டேன். குழுவாகக் கூடி ஒருவர் முதுகை ஒருவர் பிடித்து விடும் பழக்கம் நம் கிராமத்துத் திண்ணைகளில் இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சனிக்கிழமையும் இருந்தது. ஷிப்ட் அட்டவணையில் அதற்கு எந்தக் கட்டமும் இல்லை.

மைத்துனருக்குச் சென்ற மாதம் அறுவை செய்தார்கள். அந்தப் பட்டைத் தசைநாரை வெட்டி விட்டு நரம்புக்கு இடம் செய்யும் சிறு அறுவை. உள்ளங்கையில் ஓர் அங்குலத் தழும்பு. மரமரப்பு பெரிதும் போய்விட்டது. வற்றிய தசை எவ்வளவு தேறும் என்பது போகப் போகத்தான் தெரியும் என்கிறார்கள். தையல் பிரித்து, புண் ஆறிய பிறகு தழும்பை எண்ணெய் தொட்டு மெதுவாக நீவி விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவர் மகள்தான் தினமும் மாலையில் செய்கிறாள்.

“எவ்வளவு வேகத்துல நீவணும் மாமா?” என்று என்னிடம் கேட்டாள். விநாடிக்கு மூன்று செ.மீ. என்றேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நீவ ஆரம்பித்தாள். “கடிகாரத்தைப் பாக்காத கண்ணு, கையைப் பாரு” என்றார் மைத்துனர்.